தறிக்குழியில் தண்ணீர் ஊறிய வருஷம்

நம் தெருவில் என்னோடு பாவாடை கட்டித் திரிந்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதி இருக்கிற நீங்கள் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். உட்கார்ந்தபடியே கேளுங்கள். கண் தெரியாதவர்கள் பேத்திகளைப் படிக்கச் சொல்லுங்கள். எனக்கு அவசரம் இல்லை.

போன மாதம் காதுகுத்து வீட்டுப் பந்தியில் நம் வயசுக்காரி ஒருத்தி அந்தப் பழைய கதையை எடுத்தாள். தறிக்குழியில் தண்ணீர் ஊறிய வருஷத்துக் கதை. "அந்தத் தாமரைக்காரி மதக ஒடச்சி நம்ம தெருவையே முழுகடிச்சாளே, கொழுப்பெடுத்தவ" என்றாள். எதிர் இலைக்காரர்கள், "ஆமா ஆமா, அப்பால தொரத்தி வுட்டாங்க இல்ல" என்று சிரித்தார்கள். நான் பாயசத்தைத் தொடாமல் எழுந்து கை கழுவினேன். எனக்குச் சர்க்கரை என்று நினைத்துக்கொண்டீர்கள். எனக்குச் சர்க்கரை கிடையாது.

என் எழுத்து கோணல்தான். ஐந்தாம் வகுப்பைக்கூட முடிக்காதவள் எழுத்து. ஆனால் என் கையால் நெய்த சேலையில் இழை விட்டுப்போனது என்று ஒரு வியாபாரியும் சொன்னதில்லை. இதிலும் விடாமல் சொல்கிறேன்.

எழுபதுகளில் நம் தெரு கிழக்கே ஒரு வாய்க்காலோடு முடிந்தது, நினைவிருக்கிறதா? கோட்டை அகழியில் கிளம்பி, தெரு முனையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போகும். மேலே ஒரு பனந்துண்டு பாலமாகக் கிடக்கும். வாய்க்காலில் தண்ணீரை நாம் பார்த்த நினைவே இல்லை. மூன்று வருஷம் மழை பொய்த்திருந்தது. அகழியின் அடியில் மாடு மேய்ந்தது. வாய்க்காலில் எருக்கஞ்செடியும் உடைந்த சட்டியும்தான்.

விடியற்காலையில் தெருவில் பட்டுப்பாவு நீட்டுவார்கள். இரண்டு முனையிலும் கழி கட்டி, சேலைக்கான நீள இழையெல்லாம் இழுத்துப் பிடித்து, கஞ்சித் தண்ணீர் தெளித்துச் சீவிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். புளித்த கஞ்சி வாசமும் பட்டின் பச்சை வாசமும் கலந்து வரும். அந்த வாசம் வந்தால் நமக்குப் பசிக்கும். ஆனால் தெருவின் நீளம் போதாது. நீளப் பாவு என்றால் வாய்க்காலுக்கு இந்தப் பக்கமே மடக்கி நீட்டுவார்கள். மடக்கினால் இழை சிக்கும். சிக்கினால் அன்று முழுக்கப் பேச்சு வாங்குவது பெண்கள்.

என் பெரியப்பாதான் அப்போது தெருவுக்குப் பெரியவர். அவர் ஒருநாள் வாய்க்காலில் காறித் துப்பிவிட்டு, "தண்ணியே வராத வாய்க்கா இன்னாத்துக்கு? தூத்துட்டா நேரா நீட்டலாம்" என்றார். எல்லாருக்கும் சரியாகப் பட்டது. ஒரு வாரம் மண் கொட்டினார்கள். அடுப்புச் சாம்பல், உடைந்த ஓடு, உளுத்துப்போன தறிமரம் என்று வீட்டு வீட்டுக்கு எது இருந்ததோ அதைக் கொண்டுவந்து போட்டார்கள். என் நைனா, பச்சை வர்ணம் அடித்த பழைய மிதிகட்டை இரண்டைத் தூக்கிப் போட்டார். தறியில் உட்கார்ந்து காலால் மிதிப்பாரே, அந்தக் கட்டை. மேலே மண் போட்டதும் மிதித்து இறுக்குவதற்கு நம்மைத்தான் கூப்பிட்டார்கள். நாம் கும்மியடித்து மிதித்தோம். ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுத்தார்கள். நானும் மிதித்தேன், நீங்களும் மிதித்தீர்கள்.

அடுத்த ஐப்பசியில் மழை பிடித்தது.

அகழி நிறைந்தது. கோட்டைப் பக்கம் போகாதே என்று வீட்டில் சொல்லிச் சொல்லி அனுப்புவார்கள். ஒருநாள் தாத்தாவுக்குத் திதி. அம்மா சாப்பாட்டுக்குத் தாமரை இலை வாங்கிவரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினாள். அப்போதுதான் அவரை முதலில் கிட்டத்தில் பார்த்தேன்.

தெருவில் அவரைத் தாமரைக்காரி என்போம். நான் இனி அப்படிச் சொல்லமாட்டேன். தாமரைக்காரம்மா. ஆற்றோரக் காலனியிலிருந்து வருவார். புருஷன் இல்லை. அகழியில் தாமரை இருந்தால் அவர் வீட்டில் அடுப்பு எரியும். பூ கோயிலுக்கும் இலை சாப்பாட்டுக் கடைகளுக்கும் போகும். அவர் மாமியார் காலத்திலிருந்து அகழித் தாமரை அவர்கள் வீட்டுக்கு என்று ஒரு வழக்கம், அவ்வளவுதான். காகிதம் எதுவும் கிடையாது. மூன்று வருஷம் காய்ந்த அகழியைப் பார்த்துக்கொண்டு கல் உடைக்கப் போனவருக்கு, அந்த மழையில்தான் கிழங்கு துளிர்த்து இலை விட்டிருந்தது.

அவருடைய படகு ஒரு கொப்பரை. கரும்புப்பால் காய்ச்சி வெல்லம் எடுப்பார்களே, அந்த அகலமான இரும்புக் கொப்பரை. ஓட்டை விழுந்ததென்று ஆலைக்காரர் தூக்கிப் போட்டதைத் தார் காய்ச்சி அடைத்து வைத்திருந்தார். துடுப்புக்குத் தென்னை மட்டை. கொப்பரையில் ஒரு ஆள் ஒரு பக்கம் உட்கார்ந்தால் சாய்ந்துவிடும். எதிர்ப்பக்கம் அவர் மகள் உட்காருவாளாம். மகளைக் கலசப்பாக்கம் பக்கம் கட்டிக்கொடுத்த பிறகு ஒரு அம்மிக்கல்லை வைத்து ஓட்டியிருக்கிறார்.

நான் போன அன்று அவர் கரையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இருவது எலை வேணும்."

"எலை உள்ளாற கீது பாப்பா. கல்லு வழுக்கித் தண்ணியில பூட்ச்சி. ஒத்த ஆளா போனா கவுந்துக்கும்."

"நான் குந்திக்கினு வரட்டா?"

மேலும் கீழும் பார்த்தார். "எத்தினி கிலோ இருப்ப?"

"தெரியாது."

"அம்மிக்கல்லு கணக்குத்தான் இருப்ப. ஏறு. அது மாதிரியே கம்முனு குந்து."

நான் எங்கே கம்மென்று உட்கார்ந்தேன். ஏறியதும் கொப்பரை ஒரு சுற்றுச் சுற்றியது. கோட்டைச் சுவர், புளியமரம், கரை, மறுபடி கோட்டைச் சுவர். கத்தினேன். "கத்தாத, மீன் சிரிக்கும்" என்றார். இரும்பு ஜில்லென்று தொடையில் ஏறியது. தார் வாசம், சேற்று வாசம், அவர் வாயிலிருந்து வெற்றிலை வாசம். தண்டை அறுக்கும்போது ஒரு சத்தம் வரும், நனைந்த பட்டுநூலைப் பல்லால் கடித்து அறுக்கிற மாதிரி.

அன்று இலையோடு நேரத்துக்கு வந்துவிட்டேன். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் கால் தானாகக் கோட்டைப் பக்கம் திரும்பியது.

அந்த மழைக்காலம் முழுக்க இப்படித்தான் போனது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தார் சுற்ற வேண்டும், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவில் போடும் சின்னக் குழலில் நூல் சுற்றிச் சுற்றி விரல் தேயும். அதற்குப் பயந்து சாயங்காலம் நேரத்துக்கு வீட்டுக்குப் போய்விடுவேன். பகலெல்லாம் தண்ணீர் மேல். வாத்தியாரம்மா கேட்டால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பேன்.

ஊரில் பிறந்தவர்களில் எத்தனை பேர் கோட்டையைத் தண்ணீரிலிருந்து பார்த்திருக்கிறீர்கள்? தரையிலிருந்து பார்த்தால் அது ஒரு இடிந்த மேடு. தண்ணீரில் தாழ்ந்து உட்கார்ந்து பார்த்தால் சுவர் தலைக்கு மேலே ஏறி நிற்கும். தெற்கே வண்ணான் துறைப் படிக்கட்டு. மேற்கே ஒரு சின்ன மதகு, கல்லில் காடி வெட்டிப் பலகை இறக்கியிருப்பார்கள். அதற்கு அப்பால் நெல் வயல். வடக்கே சுவர் சரிந்து அத்திமரம் தண்ணீருக்குள் தலை குனிந்திருக்கும். உள்ளே கூரை போன மாளிகையின் ஜன்னல் தெரியும். ஜன்னலில் ஒரு ஆடு நிற்கும். "ராணி பாக்கறா, கும்புடு" என்பார் தாமரைக்காரம்மா. கும்பிடுவேன்.

"இந்த அகழிய யாரு வெட்னது?"

"ராஜா வெட்னாராம்."

"ராஜாவேவா?"

"அவரு கடப்பாரையத் தொட்டுகீறாரா? எங்காளுங்க வெட்டியிருப்பாங்க. அவரு தண்ணிய வுட்டுகினாரு."

எனக்கு ஒரு மட்டை கேட்டேன். கனமாக இருந்தது. அதனால் என் சிலேட்டுப் பலகையால் துழாவ ஆரம்பித்தேன். நன்றாகத்தான் போனது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ சிலேட்டு வழுக்கி உள்ளே போய்விட்டது, கையில் மரச்சட்டம் மட்டும். சட்டத்தைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டி, ஒரு பையன் உடைத்துவிட்டான் என்றேன். அந்தப் பையன் யார் என்று அம்மா தெருத்தெருவாகத் தேடினாள். பாவம், உங்களில் ஒருத்தியின் தம்பிதான் அறை வாங்கினான்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. இனி வருவது இல்லை.

மழை விடவில்லை. ஒருநாள் தாமரைக்காரம்மா அறுத்த இலையைத் தண்ணீரில் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இலை நின்ற இடத்தில் நின்றது.

"இன்னா பாக்கற?"

"தண்ணி நவுரல பாப்பா. என் மாமியா காலத்துல எலைய வுட்டா கெழக்கு மூலைக்குப் போவும். அங்க ஒரு கண்ணு கீது. அது வழியா மிச்சத் தண்ணி ஆத்துக்குப் பூடும். இது குந்திக்கினு கீது. தாமர மூச்சு முட்டி நிக்குது பாரு."

பார்த்தேன். முந்தின வாரம் தலைக்கு மேலே குடை மாதிரி நின்ற இலைகள் தண்ணீருக்குள் போயிருந்தன.

கிழக்கு மூலைக்குப் போனோம். கோட்டைக்கு வெளிக்கரையில் கல் வளைவு ஒன்று, முக்கால்வாசி முழுகி, தண்ணீருக்கு மேல் ஒரு புருவம் மாதிரி தெரிந்தது. "குனி" என்றார். கொப்பரையில் படுத்தபடி உள்ளே போனோம். தலைக்கு ஒரு சாண் மேலே கல். வௌவால் நாற்றம். அவர் கையால் கல்லைத் தள்ளித் தள்ளிக் கொப்பரையை நகர்த்தினார்.

கொஞ்ச தூரத்தில் கொப்பரை முட்டிக்கொண்டு நின்றது. எதிரே மண். மேலே ஒரு பிளவு வழியாக வெளிச்சம் ஒழுகியது. அந்த வெளிச்சத்தில் மண்ணிலிருந்து சாம்பலும் ஓடும் துருத்திக்கொண்டு நின்றன. நடுவே ஒரு பச்சைக் கட்டை.

அப்போது சத்தம் கேட்டது. டக்கு டக்கு, டக்கு டக்கு. மண்ணுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. தறிச் சத்தம். ஒன்றல்ல, தெரு முழுக்க.

"பாப்பா, உங்க தெருவா?"

"எங்க நைனாவோட மிதிகட்ட" என்றேன்.

அவர் கல்லைத் தள்ளிக் கொப்பரையைப் பின்னால் நகர்த்தினார். வெளியே வந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன் என்னைத் தொட்டதில்லை, தொடக்கூடாது என்று அவருக்குத் தெரியும். "உங்க நைனாகிட்ட சொல்லு. வாய்க்காலு அடச்சிக்கினு கீது, தெறக்கணும். இன்னும் ரெண்டு மழ பேஞ்சா தண்ணி அடியால ஊறி உங்க பக்கம்தான் ஏறும். எனக்கும் தாமர அழுவிடும். சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதுதான் விஷயம்.

நைனா தறியில் இருந்தார். முகூர்த்தப் பட்டு, அரக்குக் கலர், கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள். "நைனா, வாய்க்கா அடச்சது தப்பாம். தண்ணி நம்ம பக்கம் ஏறுமாம்" என்றேன்.

நாடாவை நிறுத்தாமலே, "யாரு சொன்னது?" என்றார்.

தாமரைக்காரம்மா என்றால் நீ அங்கே ஏன் போனாய் என்று வரும். காலனிக்காரியோடு ஒரே கொப்பரையில் உட்கார்ந்தாயா என்று வரும். நான், "டீச்சர் சொன்னாங்க" என்றேன்.

நைனா சிரித்தார். "உங்க டீச்சர வந்து ஒரு பாவு நீட்டச் சொல்லு பாக்கலாம்."

கண்ணால் பார்த்த சேதி, ஒரு பொய்யால் காற்றில் போய்விட்டது. நேரில் போய்ப் பார்த்தவர் சொன்னார் என்றிருந்தால் நைனா எழுந்து வந்திருப்பார். அவர் வேலையில் கெட்டிக்காரர், மிதிகட்டைப் பேச்சை எடுத்திருந்தால் போதும்.

இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தாமரைக்காரம்மாவே வந்தார். தெருவுக்குள் வரவில்லை, தூர்த்த வாய்க்கால் மேல் நின்றுகொண்டு பெரியப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். நான் வாசலில் தார் சுற்றிக்கொண்டிருந்தேன், எல்லாம் கேட்டது.

"ஐயா, இது தண்ணி போற கண்ணுங்க. தெறந்து வுடுங்க."

"உன் தாமர முழுகுதுன்னு என் பாவு நீட்ற எடத்த வெட்டச் சொல்றியா?"

"தாமரையும் முழுகுதுங்க, இல்லன்னு சொல்லல. உங்க தறியும் முழுகும்."

"எனக்கே தறி பத்தி சொல்ல வந்துட்டா பாரு. போ போ, ஜல்தி."

தாமரைக்காரம்மாவுக்கு லாபம் இருந்தது என்பதாலேயே அவர் சொன்னது பொய் என்று முடிவு செய்தார்கள். ஒருத்தருக்கு லாபமாகவும் இருந்து, உண்மையாகவும் இருக்கக்கூடும் என்பது பெரியவர்களுக்குத் தோன்றவில்லை. திரும்பிப் போகும்போது என்னைப் பார்த்தார். நான் ராட்டையைப் பார்த்தேன்.

அப்புறம் அந்த மழை. இரண்டு பகல் இரண்டு ராத்திரி. மூன்றாம் நாள் காலையில் நைனா தறியில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டார். "ஐயோ" என்றார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. முழங்காலுக்குத் தண்ணீர். தண்ணீர் மேலேயிருந்து வரவில்லை, தரை வழியாக ஊறி, குழி குழியாக நிறைந்திருந்தது. பாவு தொய்ந்து தண்ணீரில் தோய்ந்து, அரக்குச் சாயம் இறங்கிக் குழியே ரத்தம் மாதிரி கிடந்தது. தெரு முழுக்க ஒரே குரல். எந்த வீட்டிலும் தறிச் சத்தம் இல்லை.

அந்த நேரத்தில் ஒருத்தர் ஓடி வந்தார். "அந்தத் தாமரைக்காரி கடப்பாரைய வெச்சிக்கினு மேக்கால மதக ஒடைக்கறா!"

உண்மைதான். பலகையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். அந்த மதகு வழியாகத் தண்ணீர் வயலுக்குப் போகும், அகழி இறங்கும், நம் குழி வடியும். அகழியைச் சுற்றி வந்தவர்களுக்குத்தான் அது தெரியும். சுற்றி வந்தவர்கள் இரண்டே பேர். நம் ஆண்கள் ஒருவரும் அந்தப் பக்கம் போய்ப் பார்த்ததில்லை. மதகு என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் நம் தெரு. தெரு முழுகிய அன்று ஒருத்தி கையில் கடப்பாரை. போதாதா.

மத்தியானம் பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். உங்களுக்கு நினைவிருக்கும், நாமெல்லாம் பெண்களோடு ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். கோயில் கொட்டகைக்கு வெளியே தூறலில் அவரை நிறுத்தியிருந்தார்கள். கொப்பரையை நாலு பேர் தூக்கி வந்து அவர் பக்கத்தில் கவிழ்த்திருந்தார்கள்.

"ஒடச்சியா இல்லியா?"

"பலகையத் தூக்கனங்க. உங்க தண்ணி வடியத்தான் தூக்கனேன். உங்க தெருவு முழுகினது அதால இல்லீங்க. கெழக்கு கண்ணு அடச்சிக்கினு கீது. உள்ள போய்ப் பாத்தேன். உங்க ஊட்டு ஓடு, கட்ட எல்லாம் அங்க கீது."

"கதை."

"கதை இல்லீங்க. தறி சத்தம்கூட கேட்டுச்சி."

சிரித்தார்கள். பெரியப்பா கையைத் தூக்கினார். சிரிப்பு நின்றது. "சரி. நீ போய்ப் பாத்தன்னு சொல்ற. உன்கூட யாரு இருந்தா? ஒரு ஆள சொல்லு. நம்பறோம்."

அவர் தலையைத் திருப்பிப் பெண்கள் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் எண்ணிச் சொல்ல முடியும், எத்தனை மூச்சு நேரம் என்று.

அம்மா என் பாவாடையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது? ஈரப்பாவாடை துவைத்தவளுக்குத் தெரியாதா? காதோடு, "வாயத் தொறந்த, நாளைக்கு ஒரு பய உன்னக் கட்டமாட்டான்" என்றாள். ரொம்ப நாள் இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அம்மா பிடித்துக்கொண்டாள் என்று. அம்மா பிடித்திருந்தது பாவாடையைத்தான்.

நான் கால் விரலைப் பார்த்தேன்.

"யாரும் இல்லீங்க" என்றார் தாமரைக்காரம்மா.

அகழிப் பக்கம் இனி அவர் கால் படக்கூடாது என்று சொன்னார்கள். பெரியப்பா அதே கடப்பாரையை வாங்கிக் கொப்பரையின் அடியில் குத்தினார். தார் அடைத்த இடத்தில் குத்தவில்லை, நல்ல இரும்பில் குத்தினார். நாலு குத்து. தாமரைக்காரம்மா அழவில்லை. கொப்பரையைப் புரட்டித் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார். ஓட்டை வழியாக மழை அவர் தலையில் விழுந்திருக்கும்.

பத்து நாள் கழித்து ஒரு அதிகாலையில் பெரியப்பா, நைனா, இன்னும் ஐந்தாறு பேர் மண்வெட்டியோடு கிளம்பினார்கள். வாய்க்காலை வெட்டித் திறந்தார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. தண்ணீர் அன்றே ஆற்றுக்கு இறங்கிவிட்டது. நீங்களும் அந்தப் பள்ளத்தை மறுபடி பார்த்தீர்கள், மறுபடி பாவை மடக்கி நீட்டினதையும் பார்த்தீர்கள். ஏன் திறந்தார்கள் என்று ஐம்பது வருஷமாக ஒருத்திக்கும் தோன்றவில்லையா?

நைனா வந்து கால் கழுவினார். பச்சை மிதிகட்டை ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அடுப்பு விறகோடு அதைச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"எந்த டீச்சரு சொன்னாங்க?"

அவர் அடிக்கவில்லை. "நாளையிலிருந்து பள்ளிக்கூடம் வேணாம். ஊட்டுல இருந்து தார் சுத்து" என்றார். நம்பவில்லை என்றுதான் அவரைப் பற்றி நினைத்திருந்தேன். அன்று புரிந்தது, அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று. தெரிந்தபிறகும் அவர் காலனிப் பக்கம் போகவில்லை. அவருக்கும் எனக்கும் நடுவில் அந்தப் பேச்சு அவர் சாகிறவரை எழவில்லை.

எனக்குக் கல்யாணமாகி, எண்பதுகளில் ஒரு தடவை கைக்குழந்தையோடு களம்பூர் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற வழியில் ஒரு ரைஸ் மில். வேலி இல்லாத சிமெண்டுக் களத்தில் புழுக்கின நெல் ஆவி பறந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையாக நடந்து காலாலேயே நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் தாமரைக்காரம்மாதான். இளைத்திருந்தார். நடை அதே நடை.

நான் நேரே களத்துக்குள் போய்விட்டேன். அவர் நிமிர்ந்தார்.

"இன்னாம்மா வேணும்?"

"என்னத் தெரியலயா? அம்மிக்கல்லு."

ஒரு நிமிஷம் பார்த்தார். "அட பாப்பா" என்றார். குழந்தையைப் பார்த்தார், கன்னத்தைத் தொடவில்லை. "பொண்ணா?"

"பொண்ணு." வருஷக்கணக்காக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு. "அன்னிக்கு என்னக் காட்டிக்குடுக்காம காப்பாத்தினீங்க. யாரும் இல்லன்னு சொன்னீங்க. அத நான் மறக்கல."

அவர் முகம் மாறியது. கோபம் இல்லை. வேலைக்காரி கணக்குத் தப்பாகச் சொன்னால் எஜமானி பார்ப்பாளே, அப்படிப் பார்த்தார்.

"காப்பாத்தினேனா? நானா?" என்றார். "நான் எதுக்கு உன்னப் பாத்துக்கினு நின்னேன்னு நெனச்ச? நீ எழுந்துப்பன்னுதான். பேரச் சொன்னா புள்ளைய மயக்கி இட்டுக்கினு போனான்னு அதுக்கு வேற அடிப்பாங்க. நீயா சொன்னாத்தான் எடுபடும். அதான் நின்னேன். எவ்ளோ நேரம் நின்னேன் தெரியுமா? அப்பால, சரி, இது எழுந்துக்காதுன்னு தெரிஞ்சிபோச்சி. யாரும் இல்லன்னேன். யாரும் இல்லதான?"

நான் பெருமைக்காரி, யாரிடமும் தலை குனிந்து பழக்கமில்லை. அவரிடம், "தப்புதான்" என்றேன். முதல் தடவை வாயால் சொன்னேன்.

"எங்கிட்ட சொல்லி இன்னா பண்ண? எனக்குத்தான் தெரியுமே. கேட்டவங்க அங்க கீறாங்க, அங்க போய்ச் சொல்லு."

மேஸ்திரி கத்தினார். தாமரைக்காரம்மா நெல்லுக்குள் திரும்பி நடந்தார்.

நான் போய்ச் சொல்லவில்லை. அடுத்த மாசம், அடுத்த தீபாவளி, பெண்ணுக்குக் கல்யாணம் முடியட்டும், மருமகள் வந்த நேரத்தில் எதற்கு என்று தள்ளித் தள்ளி, கேட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். பெரியப்பா, நைனா, அம்மா. தாமரைக்காரம்மா இருக்கிறாரா என்றும் தெரியாது. பாவாடையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நீங்கள்தான் பாக்கி.

உன்கூட யார் இருந்தார் என்று பெரியப்பா கேட்டார். நான் இருந்தேன்.